குருவின் மகனா, மணமாகாதவரின் மகனா? எராஸ்மஸின் ‘வாழ்க்கைச் சுருக்க’த்தில் ஒரு சிறு தொடர்

எராஸ்மஸின் தந்தை ஜெரார்டு கத்தோலிக்கக் குருவாக இருந்தார் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. மகன் கருவுற்றபோதே அவர் குருப்பட்டம் பெற்றிருந்தாரா என்பதுதான் வழக்கு. 1524 ஏப்ரலில் லூவெய்ன் பேராசிரியர் கொக்ளேனியஸுக்கு அந்தரங்கமாக அனுப்பப்பட்ட ‘வாழ்க்கைச் சுருக்கம்’ இல்லை என்கிறது. அந்தச் சுருக்கத்தை நம்பக்கூடாது என்பது நெடுநாளாக ஓங்கி நிற்கும் ஆய்வுப்போக்கு. வைப்பாட்டி வைத்திருந்த ஒரு குருவின் வீட்டு நிலவரத்தை மறைக்கக் கட்டிய காதல் கதை அது என்பர். 1607இல் லெய்டனில் மெரூலா அச்சிடும்வரை அது வெளிவராததைக் காட்டி, எராஸ்மஸ் அதை எழுதவே இல்லை என்பாரும் உண்டு.

இந்தப் போக்கினர் உண்மையா பொய்யா என்ற கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, அந்தக் கதை எந்த மன்றத்தில் சொல்லப்படும் கதை என்பதைக் கேட்காமல் விட்டார்கள் என்பது என் கருத்து.

கதை இது. பத்து ஆண்மக்கள் உள்ள குடும்பத்தில் கடைக்குட்டிக்கு மூத்தவர் ஜெரார்டு. செவன்பெர்கன் ஊர் மருத்துவர் ஒருவரின் மகள் மார்கரெட்டோடு மணம் முடிக்கும் நம்பிக்கையில் மறைவாகப் பழகுகிறார். பத்துப் பேரில் ஒருவரையாவது இறைவனுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று வீட்டார் மணத்தைத் தடுக்கிறார்கள். மனம் உடைந்தவர் ஊரைவிட்டு வெளியேறி ரோமாபுரி சேர்ந்து, சுவடி படியெடுத்துப் பிழைக்கிறார். இங்கே மார்கரெட் பிள்ளை பெறுகிறார். அவர் இறந்துவிட்டதாக வீட்டார் ரோமுக்குக் கடிதம் எழுத, துயரத்தில் ஜெரார்டு குருப்பட்டம் பெறுகிறார். ஊர் திரும்பியதும் வஞ்சனை தெரிகிறது. அதன்பின் அவர் மார்கரெட்டைத் தொடவில்லை. சார்லஸ் ரீடு 1861இல் இதை வைத்து ஒரு பெருநாவலே எழுதினார். இன்று பலர் மூலத்தையும் அந்த நாவலின் கண்ணாடி போட்டுத்தான் படிக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

திருச்சபைச் சட்டம் தெரிந்தவர் இதையே வேறுவிதமாகப் படிப்பார். முறைதவறிப் பிறந்தவனுக்குப் ‘பிறப்புக் குறை’ உண்டு; விதிவிலக்குப் பெறாமல் அவன் பட்டம் பெறவோ திருச்சபை மானியம் அனுபவிக்கவோ முடியாது. குறையிலும் தரவரிசை உண்டு. மணமாகாத இருவருக்குப் பிறந்தவன் மேல்படியில் நிற்பான். குருவுக்குப் பிறந்தவன் அதற்கும் கீழே. திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியாரின் 1234ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் குருக்களின் புதல்வர்களுக்கென்று தனித் தலைப்பே இருக்கிறது. இந்தத் தரவரிசையில் பிள்ளையின் இடத்தை முடிவு செய்வது தந்தையின் அன்றைய நிலை. கதையின் திருப்பங்கள் ஒவ்வொன்றும் (மறைவான பழக்கம், பயணம், பொய்க் கடிதம், அதற்குப் பிறகே வரும் பட்டம்) பிள்ளையைக் கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்கு நகர்த்துகின்றன. திரும்பி வந்தபின் தொடவில்லை என்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, ஆய்வாளர்கள் ஏறக்குறைய தாண்டிப்போகும் ஒரு சிறு தொடர். இருவருக்கும் இடையே வாக்கு நடந்ததாகச் சொல்வோர் உண்டு என்கிறது சுருக்கம். மேற்கொண்டு விளக்கம் தராமல் நகர்ந்துவிடுகிறது. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் சட்டத்தை மாற்றும்வரை, திருமணம் செல்லுபடியாகக் குருவோ சாட்சியோ தேவையில்லை. இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். ‘மணந்துகொள்வேன்’ என்று எதிர்காலத்தில் சொல்லிவிட்டுக் கூடியிருந்தாலும் திருமணமே. ஆகவே வாக்கு நடந்திருந்தால் எராஸ்மஸ் குருவின் மகனும் அல்ல, முறைதவறிப் பிறந்தவரும் அல்ல. சட்டப்படி முறையான மகன். இத்தனை பெரிய உரிமையை ‘சொல்வோர் உண்டு’ என்று பிறர் வாயில் வைத்துச் சொன்னது ஏன்? வாக்குக்குச் சாட்சி இல்லை. இருவரும் 1480களின் நடுப்பகுதிக்குள், பிள்ளை பதின்வயதில் இருக்கும்போதே, கொள்ளைநோய்க் காலத்தில் இறந்துபோனார்கள். மறைவில் பிறந்த பிள்ளைக்குத் தன் பிறப்பைப் பற்றிய சான்று, வீட்டில் காதில் விழுந்த பேச்சு மட்டுமே. அந்தத் தொடர் அதைவிட ஒரு சொல்கூட அதிகம் உரிமை கொண்டாடவில்லை.

இது 1524இல் புதிதாகப் புனைந்ததாக இருக்க முடியாது என்பதற்கு 1506 ஜனவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் அளித்த விதிவிலக்கு உதவும். அதில் எராஸ்மஸ் மணமாகாத ஆணுக்கும் கைம்பெண்ணுக்கும் பிறந்தவராகக் குறிக்கப்படுகிறார். தாயைக் கைம்பெண் என்பது சுருக்கத்தில் இல்லாத செய்தி. இந்த முரணை நான் மழுப்பவில்லை. ஆனால் தந்தையைப் பற்றிய கூற்று அப்படியே ஒத்துப்போகிறது. கதையின் சட்டக் கரு பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பின்னாளில் எவரோ புனைந்தார் என்பவர்கள் இந்த ஒற்றுமைக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அது எளிதல்ல.

எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம் 1517 ஜனவரியில் பத்தாம் லியோ தந்த இரண்டாம் விதிவிலக்கு. அதில் பிறப்பு முறையற்றது மட்டுமன்றி, விண்ணப்பதாரர் ‘அஞ்சுகிறபடி’ தகாத, கண்டிக்கப்பட்ட கூட்டுறவால் ஆனது என்று வருகிறது. இதோ ஒப்புதல் வாக்குமூலம் என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. விண்ணப்பத்தில் குறையைக் குறைத்துச் சொன்னால் விதிவிலக்கே செல்லாது போய்விடும். அதனால் மிக மோசமான நிலையையும் சேர்த்து எழுதிவைப்பதே விவரம் தெரிந்தவர் செய்வது. திருத்தந்தையின் வரித்தண்டல் அலுவலராக இங்கிலாந்தில் இருந்த அம்மோனியோவின் உதவியோடு, அவ்வளவு கவனமாகத் தயாரான ஆவணத்தில் ‘அஞ்சுகிறபடி’ என்பது காப்புச் சொல். அதே சமயம் அது வெறும் வாய்பாடும் அல்ல என்பேன். தந்தைக்குப் பட்டம் கிடைத்த நாள் மகனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ‘தகாத’ என்பதை நெருங்கிய உறவினரிடையே நடந்த கூட்டுறவு என்று விரிப்போரின் வாதத்துக்கு வேறு ஆதாரம் இல்லாததால் அதை இங்கே விட்டுவிடலாம்.

மூத்த சகோதரர் பீட்டரின் விஷயம் அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. கிரூன்னியுஸ் என்ற கற்பனைப் பெயருக்கு 1516இல் எழுதிய கடிதத்தில், வேற்றுப் பெயர்களில், தன்னையும் ஏறத்தாழ மூன்றாண்டு மூத்த அண்ணனையும் பாதுகாவலர்கள் மடத்துக்குள் தள்ளிய விதத்தை எராஸ்மஸ் விரிவாகச் சொல்கிறார். சுருக்கத்தில் அண்ணன் இல்லை. இருவர் பிறந்திருந்தால் ‘முதல் காதல், முதல் பிள்ளை, பிரிவு’ என்ற கதை உடைகிறது, உண்மைதான். ஆனால் உடைவது காதல் கதை மட்டுமே. இருவருமே பட்டத்துக்கு முன் பிறந்திருக்க முடியாதா என்ற கேள்விக்கு அண்ணன் பதில் அல்ல. அவர் நீக்கப்பட்ட காரணமும் என் வாசிப்பில் விளங்குகிறது: ஒரு பிள்ளை, மணம் முடிக்கும் நம்பிக்கைக்குச் சான்று, மூன்றாண்டு இடைவெளியில் இரண்டு பிள்ளைகள், நிலைத்துவிட்ட வைப்பு வாழ்க்கைக்குச் சான்று. வழக்குரை எழுதுபவர் இரண்டாவதைச் சொல்லமாட்டார்.

ஜெரார்டு சுவடி படியெடுத்தது மட்டும் கற்பனை அல்ல. இத்தாலியில் ஃபாப்ரியானோவில் ‘ஜெரார்டுஸ் ஹெலியே’ என்ற ஒல்லாந்தர் 1450களின் இறுதியில் படியெடுத்த சுவடிகள் கிடைத்துள்ளன. சுருக்கமும் பாட்டனார் பெயரை ஹெலியாஸ் என்றே தருகிறது. மகன் பிறப்பதற்குப் பல ஆண்டு முன்பே தந்தை இத்தாலியில் இருந்தார் என்றால் கதையின் கால வரிசை குலைகிறது. குலையட்டும். வீட்டில் கேட்டவற்றைச் சட்டம் கேட்கும் வரிசையில் மகன் அடுக்கினார் என்ற என் வாதத்துக்கு அது இடையூறல்ல, துணை.

இந்த வாசிப்பு சரியென்றால், பிறந்த ஆண்டைப் பற்றிய பழைய விவாதத்தையும் இடம் மாற்ற வேண்டியிருக்கும். எராஸ்மஸ் தன் வயதைச் சொல்லும் இடங்கள் 1466க்கும் 1469க்கும் இடையே தடுமாறுகின்றன. பிற்காலத்தில் சொல்பவை முந்தைய ஆண்டை நோக்கிச் சாய்கின்றன. ஐம்பத்தேழு என்று சொல்லும் சுருக்கமும் அதே பக்கம். பிறப்பு எவ்வளவு முன்னே போகிறதோ, தந்தையின் பட்டத்துக்கும் மகனுக்கும் இடையே அவ்வளவு தூரம் விழுகிறது. பதிப்பாசிரியர்கள் இந்தக் கூற்றுகளைக் கூட்டிப் பார்த்துப் பிறந்த ஆண்டைக் கணிக்கிறார்கள். 1506, 1517 விண்ணப்பங்களோடு ஒரே கோப்பில் வைத்துப் படிக்க வேண்டியவை அவை.