முழங்காலுக்குக் கீழே: நடன உடலும் காயத்தின் வரலாறும்

நடனத்தைப் பற்றி நம்மிடம் எழுதப்பட்டிருப்பதெல்லாம் பெரும்பாலும் இடுப்புக்கு மேலே நடப்பதைப் பற்றித்தான். கண், கழுத்து, கை, முத்திரை, பாவம், ரசம். கீழே இறங்கினால் சலங்கைக்கு ஒரு வரி, அப்புறம் தாளக் கணக்கு. அந்தக் கணக்கைத் தரையில் அடித்துக் காட்டுகிற முழங்காலுக்கும் குதிகாலுக்கும் என்ன ஆகிறது என்று எழுதியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 'கால் போச்சு' என்பார்கள். யாருடைய கால், எந்தத் தரையில், யார் கொடுத்த கூலிக்கு ஆடிப் போச்சு என்கிற கேள்விகள் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிப் போகின்றன.

காயத்தை மருத்துவர்கள் பாடு என்று விட்டுவிடுவது நம் பழக்கம். ஆனால் எந்த வலிக்குக் காயம் என்று பெயர், எந்த வலிக்குத் தவம் என்று பெயர் என்பதை மருத்துவரிடம் போவதற்கு முன்பே வேறு யாரோ தீர்மானித்துவிடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. பாரிஸிலிருந்து தொடங்குகிறேன். பாதுகாப்பு என்பது சட்டமாகவே இருந்தும் தோற்றுப்போன கதை ஒன்று அங்கே விவரமாகப் பதிவாகியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய அரங்குகளில் எரிவாயு விளக்குகள் எரிந்தன. பாலே ஆடுகிற பெண்கள் உடுத்தியதோ அடுக்கடுக்கான மெல்லிய வலைத்துணிப் பாவாடை. 1844 டிசம்பரில் லண்டன் டுரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் ஆடிக்கொண்டிருந்தபோதே உடையில் தீப்பிடித்து மூன்றாம் நாள் இறந்தார். அவர் ஒருவரல்ல. பிரான்சில் கார்த்தெரோன் என்பவர் துணியை ஒரு கரைசலில் நனைத்துச் சட்டென்று தீப்பிடிக்காமல் செய்கிற முறையைக் கொண்டுவந்தார். 1859ல் அரசாணையும் வந்தது: மேடை உடைகளையும் காட்சித் துணிகளையும் இந்த முறையில் பதப்படுத்த வேண்டும். தொழில்நுட்பமும் சட்டமும் ஆக இரண்டும் தயார். ஒரே குறை, கரைசலில் நனைத்த துணி விறைத்துப்போகும், வெண்மை மங்கி அழுக்காகத் தெரியும்.

எமா லிவ்ரி 1858ல், 16 வயதில், பாரிஸ் ஒபேராவில் அரங்கேறியவர். முந்திய தலைமுறையின் பெரும்புகழ் பெற்ற மரீ தாக்லியோனி அவருக்காகவே 1860ல் 'லெ பாப்பியோன்' என்ற பாலேயை அமைத்தார். வண்ணத்துப்பூச்சி பந்தத்தின் சுடருக்குப் போய்ச் சிறகு கருகுகிற கதை. அதே 1860ல் லிவ்ரி ஒபேராவின் இயக்குநருக்குக் கடிதம் எழுதினார். முதற்காட்சிகளில் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன், என்ன நடந்தாலும் அதற்கு நானே பொறுப்பு என்பது அதன் சாரம். 1862 நவம்பர் 15 அன்று 'லா முயேத் த போர்த்திசி' ஒத்திகை. ஊமைப் பெண் வேடம். பாவாடையில் விளக்கின் சுடர் பட்டது. எரிந்தபடியே மேடையில் ஓடினார். எட்டு மாதம் படுக்கையில் கிடந்து 1863 ஜூலை 26ல் இறந்தபோது அவருக்கு 21 வயது நிறையவில்லை. பதப்படுத்திய பாவாடை ஆபத்து குறைந்ததுதான், ஆனாலும் அத்தனை அசிங்கமானதை இனியும் உடுத்த மாட்டேன் என்று காயத்தோடு கிடந்தபோதுகூடச் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெண்ணின் அலங்கார ஆசை என்று இதை முடித்துவிடலாம். அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் ஒபேரா அன்று எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். சந்தா கட்டிய கனவான்கள் ஆட்டம் தொடங்குமுன் நடனக்காரிகளைச் சந்தித்துப் பேசவென்றே மேடைக்குப் பின்னால் ஒரு கூடம் இருந்தது. கூட்டத்தில் ஆடுகிற பெண்ணுக்குச் சம்பளம் சொற்பம். புரவலன் கிடைத்தால் பிழைப்பு. லிவ்ரியின் தாயும் அதே ஒபேராவில் ஆடியவர், மகளின் அரங்கேற்றத்துக்குப் பின்னால் தாயின் புரவலரான ஒரு பிரபுவின் செல்வாக்கு இருந்தது. இந்த ஏற்பாட்டில் பாவாடையின் வெண்மை அந்தப் பெண்ணின் முதலீடு. அரசாணை துணியை மாற்றச் சொன்னது. அந்த வெண்மைக்கு விலை வைத்த பார்வையின் மேல் அது கைவைக்கவில்லை. மங்கிய பாவாடையில் ஆடினால் வருகிற நஷ்டம் யாருக்கு? ஆடுகிறவளுக்கு மட்டும். 'நானே பொறுப்பு' என்று அவர் எழுதியதைச் சுதந்திரமான தேர்வு என்று வாசிக்க என்னால் முடியவில்லை. ஃபூக்கோ 1975ல் பணிய வைக்கப்பட்ட உடலைப் பற்றி எழுதியபோது சிப்பாயிலிருந்து தொடங்கினார். பக்கத்திலேயே இருந்த ஒபேராவுக்குள் போயிருந்தால், மேலதிகாரியே இல்லாமல் தன் மேல் தானே உத்தரவு போட்டுக்கொள்கிற உடல் அங்கே கிடைத்திருக்கும்.

அதே ஒபேராவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பதினான்காம் லூயி காலத்தில், 1698ல், அங்குள்ள கலைஞர்களுக்கு ஓய்வூதிய ஏற்பாடு தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக நடனக்காரர்களுக்கு ஓய்வு வயது 42. அரசு 2019ல் இந்தத் தனி ஏற்பாட்டை நீக்கப் போனபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டிசம்பர் 24 அன்று கார்னியே மாளிகையின் படிகளுக்கு மேலே, குளிரில், 'அன்ன ஏரி'யின் ஒரு பகுதியை ஆடினார்கள். எட்டு வயதில் பயிற்சி தொடங்குகிறோம், பதினேழு பதினெட்டிலேயே தசைநாண் அழற்சியும் எலும்பு விரிசலும் வந்துவிடுகிறது, 60 தாண்டி எப்படி ஆடுவது என்று கேட்டார்கள். 2022க்குப் பிறகு சேருகிறவர்களுக்கு மட்டும் மாற்றம், உங்களுக்கு இல்லை என்று அரசு பேரம் பேசியது. வருங்காலத் தலைமுறையைக் காவு கொடுக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். 2023ல் வேறு பல துறைகளின் தனி ஏற்பாடுகள் மூடப்பட்டபோதும் ஒபேராவினுடையது தப்பியது. லிவ்ரியின் கடிதத்தில் 'நான்' என்று இருந்த இடத்தில் இவர்கள் 'நாம்' என்று எழுதியதாக எனக்குத் தோன்றுகிறது.

நடனக்காரர்களுக்கென்று தனி மருத்துவம் உருவானது மிகச் சமீபத்தில்தான். வில்லியம் ஹாமில்டன் என்ற எலும்பியல் மருத்துவர் 1970களில் நியூயார்க் சிட்டி பாலேயோடு வேலை செய்யத் தொடங்கினார். நடன மருத்துவத்துக்கான சர்வதேசச் சங்கம் 1990ல்தான் வந்தது. இவர்கள் கண்டவற்றுள் முக்கியமானது திருப்பம் பற்றியது. பாதம் வெளிப்பக்கம் திரும்ப வேண்டுமானால் அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்புக் குழியின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. இடுப்பு தராத திருப்பத்தைப் பிடிவாதமாகக் கேட்டால் முழங்காலும் கணுக்காலும் முறுக்கிக் கொடுக்கும். அப்புறம் பசி. மெலிந்திருக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட பாலே சிறுமிகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதற்கும் எலும்பு முறிவுக்கும் தொடர்பு உண்டு என்று 1986ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வெள்ளைப் பாவாடையின் இடத்தில் இப்போது மெல்லிய இடுப்பு.

பிரிட்டனில் நடனக்காரர்களையே கேட்டுத் தயாரித்த தேசிய விசாரணை அறிக்கை 1996ல் வெளிவந்தது. முந்திய ஓராண்டுக்குள் ஒரு தடவையாவது காயம்பட்டவர்கள் ஐந்தில் நான்கு பேர். 2005ல் மறுபடி கேட்டார்கள். காயத்துக்குக் காரணமாக நடனக்காரர்கள் அதிகம் சொன்னது களைப்பும் அளவுக்கு மீறிய வேலையும். இது மருத்துவப் பதிலே இல்லை, தொழிற்சங்கப் பதில். 2012ல் லண்டனில் அரசுப் பொதுமருத்துவ அமைப்பின் எலும்பியல் மருத்துவமனையில் நடனக் காயங்களுக்கென்று தனிப் பிரிவு திறக்கப்பட்டதற்குப் பின்னால் இந்த அறிக்கைகள் இருந்தன.

இனி நம் ஊர். பாலேக்கும் நமக்கும் உறவு இல்லாமல் இல்லை. ருக்மிணி தேவி 1920களின் கடைசியில் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, அவர் குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். உன் நாட்டு நடனத்தைப் பார் என்று பாவ்லோவா சொன்னதாகக் கதை. 1936ல் கலாக்ஷேத்ரா. சதிர் பரதநாட்டியமாகி மேட்டுக்குடி வீடுகளுக்குள் போன வரலாறு நமக்குத் தெரிந்ததுதான், திரும்பச் சொல்லவில்லை. அந்தப் போக்கில் ஒன்று கவனிக்கப்படாமல் நடந்தது: ஆட்டம் ஊழியமாக இருப்பது நின்றது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். இறந்துபோனாலோ வேற்றூர் போனாலோ அந்தப் பங்கு அடுத்த உறவினருக்கு. அவருக்குப் பணித்தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை அமர்த்திப் பணியை நடத்த வேண்டும். (அந்த 400 பேரும் ஆடினார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் சர்ச்சை உண்டு.) இதைப் பொற்காலம் என்று கொண்டாட நான் தயாரில்லை. கோயிலோடு கட்டிப்போட்ட வாழ்க்கை அது. பிற்காலத்தில் அந்த முறை என்னவாக ஆனது என்பதை மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் முத்துலட்சுமி ரெட்டியும் சொல்லியிருக்கிறார்கள். பொட்டுக்கட்டுவதைத் தடுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கத்தான் வேண்டும். ஆனாலும் ஆடுவது வேலை, வேலைக்கு ஈடு உண்டு என்கிற கணக்கு அந்தக் கல்லில் இருக்கிறது. புதிய மேடையில் அந்தக் கணக்கு அழிந்து ஆட்டம் அர்ப்பணமானது. அர்ப்பணத்தில் கூலி கேட்க முடியாது, வலிக்கிறது என்றும் சொல்ல முடியாது. பலருக்கு மேடையேற ஆகிற செலவும் சொந்தச் செலவுதான்.

அரைமண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குதிகால் சேர்ந்து, பாதம் இருபக்கமும் விரிந்து, முழங்கால் வெளிப்பக்கம் மடங்கிப் பாதி உட்கார்ந்த நிலை. இடுப்புக் குழி பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். கூடவே அந்த நிலையில் வெறுங்காலால் தரையை ஓங்கி அடிக்க வேண்டும். ஐந்தாறு வயதுக் குழந்தையின் முழங்காலை வெளியே தள்ளி 'இன்னும் உக்காரு' என்று அழுத்துகிற கைக்கு அந்தக் குழந்தையின் இடுப்பு எவ்வளவு திரும்பும் என்று தெரியாது. பாலே கூடங்களில் சட்டத்தின் மேல் பலகை பாவி, அடி விழுந்தால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிற தரை உண்டு. நம் வகுப்புகளில் பெரும்பாலும் கான்கிரீட், அதன் மேல் மொசைக்கோ டைல்ஸோ. அடித்த அடி அப்படியே கெண்டைக்கால் எலும்பு வழியாக முழங்காலுக்கும் முதுகுக்கும் திரும்பி வரும். வகுப்பு தொடங்குமுன் பூமியைத் தொட்டு, உன்னை மிதிக்கப் போகிறேன் மன்னித்துக்கொள் என்று கும்பிடுகிற வழக்கம் இருக்கிறது. தரையிடம் கேட்கிற மன்னிப்பில் கொஞ்சத்தை முழங்காலிடமும் கேட்டிருக்கலாம்.

கரகமும் ஒயிலும் ஆடுகிறவர்களுக்கு மொசைக்கும் கிடையாது. வெயில் குடித்த தார்ச்சாலை, சாமி ஊர்வலம், விடிய விடிய ஆட்டம், தலையில் கரகம், தூங்காமல் வேனில் அடுத்த ஊர். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் ஒன்று 2007ல் வந்தது, நல்ல காரியம். ஆனால் விபத்துக்கு ஒரு தேதி உண்டு, விண்ணப்பத்தில் எழுதலாம். இருபது வருஷம் ஆடித் தேய்ந்த முட்டிக்கு எந்தத் தேதியை எழுதுவது?

நண்பர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும், இருந்தாலும் நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் அறிக்கை வெளியான அதே 1996ல் நாங்கள் ஒரு சிற்றூரில் கலை இரவு நடத்தினோம். தார் டிரம்களின் மேல் பலகை அடுக்கிய மேடை. உழைப்புச் சுரண்டலைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம், நானும் பேசினேன். பிறகு ஒயிலாட்டம். பலகைகளுக்கு இடையில் ஒரு பையனின் கால் இறங்கிக் கணுக்கால் முறிந்தது. துண்டேந்தி வசூல் செய்து மாவுக்கட்டுக்குக் கொடுத்தோம். அவன் தோழன், தொழிலாளி அல்ல என்பதால் யாருக்கும் இழப்பீடு என்ற சொல் தோன்றவில்லை. அர்ப்பணத்தைக் கேலி செய்கிற நாங்களும் அதையேதான் அவனிடம் கேட்டிருக்கிறோம். நான்காம் மாதம் அதே மாதிரி மேடையில் அவன் ஆடினான். கால் எப்படி இருக்கு என்று விசாரித்தேன். "ஆடும்போது ஒண்ணும் தெரியாது தோழர். எறங்கி ஒக்காந்தாத்தான் தெரியும்" என்றான். அவனுக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. படி இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குகிறான்.

போன வருஷம் கலை இரவுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் 'தரை' என்று ஒரு வரியைச் சேர்த்தேன். மைக் செட், ஜெனரேட்டர், பேச்சாளர் பயணப்படி எல்லாம் ஒரு கேள்வியும் இல்லாமல் போயின. "தரைக்கு எதுக்குத் தோழர் காசு?" என்று பொருளாளர் கேட்டார். பிளைவுட் வாங்கிப் பலகையின் மேல் பாவ வேண்டும், அடியில் கயிற்றுப்பாய் போட வேண்டும் என்று விளக்கினேன். பாதித் தொகை ஒப்புக்கொண்டார்கள். மேடையின் நடுவில் எட்டடிக்கு எட்டடி பாவினோம். ஆடியவர்கள் ஓரத்துக்குப் போகாமல் ஆடினார்கள்.