பாஸ்பரஸ் எங்கே போயிற்று?

1856 ஆகஸ்டில் இங்கிலாந்தின் செல்ட்டனத்தில் ஹென்றி பெஸ்ஸமர் அறிவித்தார்: உருகிய இரும்புக்குள் காற்றை ஊதினால் போதும், கரிமம் எரிந்துபோய் எஃகு கிடைக்கும். உரிமம் வாங்கினவர்களும் ஊதினார்கள். கிடைத்ததோ தட்டினால் உடைகிற சரக்கு. காரணம் பாஸ்பரஸ். பெஸ்ஸமர் சோதித்த இரும்பில் அது குறைவு, அவ்வளவுதான். மேதைமை என்று எழுதிவைத்ததில் பாதி தாதுவின் தற்செயல்.

விடை சொன்னவர் லண்டன் போலீஸ் கோர்ட் குமாஸ்தா ஒருவர். சாயங்கால வகுப்பில் வேதியியல் படித்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். உறவினர் பெர்சி கில்கிறிஸ்டோடு சேர்ந்து உலையின் சிலிக்கா பூச்சை எடுத்துவிட்டு டோலமைட் பூசினார், சுண்ணாம்பு சேர்த்தார். பாஸ்பரஸ் கசடுக்குப் போயிற்று. 1879இல் மிடில்ஸ்பரோவில் ஊரறியச் செய்துகாட்டினார்கள்.

ஆனால் எப்படி அளப்பது? கரிமம் தீர்ந்தால் சுடர் சரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியும். பாஸ்பரஸின் பெரும்பகுதி சுடர் சரிந்த பிறகுதான் போகிறது, கண் உதவாது. அதனால் கொஞ்சம் மொண்டு, அடித்து, தண்ணீரில் ஆற்றி, உடைத்து, முறிவின் மணியைப் பார்த்தார்கள் உலையடியில் நின்றவர்கள். இந்தப் பார்வைக்குக் காப்புரிமை கிடையாது.

1871இல் பிரான்சிடமிருந்து ஜெர்மனி பறித்துக்கொண்ட லொரேன் பகுதியின் பாஸ்பரஸ் மிகுந்த தாது இப்படித்தான் எஃகாயிற்று. 'அழுக்கு' யார் வைத்த பெயர் என்று கேட்டுப் பழகின நமக்கு இதுவும் தெரியவேண்டும்: அந்தக் கசடை அரைத்து வயலுக்கு உரமாக விற்றார்கள்.