கொடைக்கானல் காளான் மனப்பதற்றத்தைத் தீர்க்குமா? டிக்கெட் போடும் முன் இதைப் படியுங்கள்

வெள்ளிக்கிழமை இரவு தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். முதுகில் பையோடு பாண்டியன் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்கும் இளைஞர் பட்டாளம் ஒன்றாவது கண்ணில் படும். விடிந்தால் கொடைக்கானல் ரோடு, அங்கிருந்து மலை. ஞாயிறு இரவு கீழே இறங்கி, திங்கள் காலை ஓ.எம்.ஆர் ஆபீஸில் லாகின் செய்துவிட வேண்டும்.

அந்தப் பட்டாளத்தில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. மேலாளரின் மெசேஜ் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. வேளச்சேரி சிக்னலில் பைக்கில் நிற்கும்போது காரணமே இல்லாமல் மூச்சு முட்டுகிறது. வீட்டில் சொன்னால் 'ரொம்ப யோசிக்காதே' என்பார்கள். டாக்டரிடம் போகவோ கூச்சம். அப்போதுதான் நண்பர் சொல்கிறார்: "மச்சி, மாத்திரையெல்லாம் எதுக்கு? கொடைக்கானல்ல காளான் கிடைக்கும். ஒரே ஒரு நைட். மைண்டு க்ளீன் ஆயிடும். வெளிநாட்டுல டாக்டர்ங்களே குடுக்குறாங்களாம்!"

நண்பர் முழுப்பொய் சொல்லவில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது, சிக்கலும் அதனால்தான். எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி இல்லை என்று தெரிந்துகொண்டு நீங்களே முடிவெடுங்கள்.

காளானுக்குள் என்ன இருக்கிறது?

'மேஜிக் மஷ்ரூம்' என்கிற காளான்களில் இருக்கும் ரசாயனத்தின் பெயர் சைலோசைபின். உடலுக்குள் போனதும் அது சைலோசின் ஆக மாறி, மூளையில் செரடோனின் வேலை செய்யும் இடங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. சுமார் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் விளைவு ஆரம்பிக்கும். நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை நீடிக்கும். நிறங்கள் மாறும், நேரக் கணக்கு தப்பும், 'நான்' என்ற உணர்வே கரைவதுபோல இருக்கும்.

உள்ளே என்ன மனநிலை இருக்கிறதோ, அதை இது பெரிதாக்கிக் காட்டும். மகிழ்ச்சி பெரிதாவதுபோல பயமும் பெரிதாகும். ஏற்கெனவே பதற்றத்தோடு இருப்பவருக்கு அந்த ஆறு மணி நேரமும் நிறுத்தவே முடியாத பேனிக் அட்டாக்காக மாறக்கூடும். 'போதும், இறங்கிக்கிறேன்' என்று நடுவழியில் இறங்க முடியாத பஸ் இது.

சடங்கு என்றால் என்ன? மரியா சபீனாவின் கதை

காளானை மருந்தாகப் பார்க்கும் மரபுக்குச் சொந்தக்காரர்கள் மெக்ஸிகோவின் வஹாகா மலைகளில் வாழும் மஸாடெக் மக்கள். அங்கே மரியா சபீனா என்ற மூதாட்டி இருந்தார். ஊரில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் இரவில் அவர் சடங்கு நடத்துவார். காளானை அவரும் சாப்பிடுவார். விடிய விடியப் பாடுவார், பிரார்த்தனை செய்வார், நோயாளியின் பக்கத்திலேயே இருப்பார். நோய்க்கு என்ன காரணம் என்று தேடும் முறை அது.

1955-ல் அமெரிக்க வங்கியாளரான ஆர். கார்டன் வாஸன் அந்தச் சடங்கில் கலந்துகொண்டார். 1957-ல் 'லைஃப்' பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். மறு வருடமே அந்தக் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார் சுவிஸ் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹாஃப்மன். எல்.எஸ்.டி-யைக் கண்டுபிடித்தவரும் இவர்தான்.

அதன்பின் அந்த மலைக்கிராமத்துக்கு வெளிநாட்டு இளைஞர்கள் படையெடுத்தார்கள். பின்னாலேயே போலீஸும் வந்தது. ஊர்க்காரர்களின் கோபம் மரியா சபீனா மீது திரும்பியது. அவர் வீடு எரிக்கப்பட்டது. வெளியாட்கள் வந்தபிறகு காளான் தன் சக்தியை இழந்துவிட்டதாகப் பின்னாளில் வருத்தப்பட்ட அவர், 1985-ல் இறந்தார்.

தென் அமெரிக்காவின் 'அயவாஸ்கா' கதையும் இப்படித்தான் போகிறது. அமேசான் காட்டின் ஒரு கொடியையும் ஒரு செடியின் இலையையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் கஷாயம் அது. இலையில் இருக்கும் டி.எம்.டி என்ற ரசாயனம் வயிற்றில் சிதைந்துபோகாமல் கொடி தடுக்கிறது. அயவாஸ்கா பற்றிய பழங்குடி அறிவை 2008-ல் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது பெரு நாடு. இன்று அதைத் தேடிப் போகும் சுற்றுலாவே தனித்தொழிலாகிவிட்டது.

இரண்டு மரபுகளிலும் ஒரு விஷயம் பொது. செடியோ காளானோ தனியாக வருவதில்லை. பல வருடம் பழகிய ஒருவர், அவரை நம்பும் ஒரு ஊர், மறுநாளும் அடுத்த மாதமும் உங்களை விசாரிக்க ஆட்கள் என எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சடங்கு.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

நண்பர் சொன்ன 'வெளிநாட்டு டாக்டர்' சமாசாரத்துக்கு வருவோம். 2016-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், நியூயார்க் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்கள் தனித்தனி ஆய்வு முடிவுகளை வெளியிட்டன. புற்றுநோயால் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ஆளானவர்களுக்கு சைலோசைபின் கொடுத்துப் பார்த்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 51 பேர், நியூயார்க்கில் 29 பேர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் ஆறு மாதம் கழித்தும் சுமார் 80 சதவிகிதம் பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த மருந்து எப்படிக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். ஆய்வகத்தில் தயாரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்த மாத்திரை. முன்கூட்டியே பல மணி நேரப் பேச்சு. மருந்து வேலை செய்யும் நேரம் முழுக்கப் பக்கத்தில் பயிற்சி பெற்றவர்கள். முடிந்தபின் மீண்டும் பேச்சு. மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை.

2023 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவில், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபினைப் பரிந்துரைக்கலாம். அதுவும் மற்ற சிகிச்சைகள் பலிக்காத மனச்சோர்வுக்கு மட்டும். மனப்பதற்றம் அந்த அனுமதியில் இல்லை.

கொடைக்கானல் அறையில் என்னவெல்லாம் இல்லை?

மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் ஒரு காட்டேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் தேனில் ஊறவைத்த ஏதோ ஒன்று. விற்றவர் போய்விட்டார்.

அளவு தெரியாது. ஒரே இடத்தில் முளைத்த இரண்டு காளான்களிலேயே ரசாயனத்தின் அளவு வேறுபடும்.

எந்தக் காளான் என்றே தெரியாது. சின்னதாக, பழுப்பு நிறத்தில் இருக்கும் காளான்களில் சில கல்லீரலை அழிக்கும் விஷம் கொண்டவை. தேனில் ஊறியபின் எது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த விஷம் உடனே காட்டாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பிக்கும். பிறகு சரியானதுபோல ஒரு தோற்றம். அதற்குப் பிறகு கல்லீரல் செயலிழக்கும்.

பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. உங்களோடு வந்த நண்பர்களும் அதே போதையில் இருப்பார்கள். வெளியே பள்ளத்தாக்கு, பனி, இருட்டு. பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் மலை இறங்க வேண்டும்.

மறுநாள் விசாரிக்கவும் யாரும் இல்லை. அந்த இரவில் மனதில் கிளம்பிய பழைய பயத்தை, துக்கத்தை யாரிடம் சொல்வீர்கள்? திங்கள் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கிலா?

ஆய்விலும் மரபிலும் பலன் தந்தவை எவையோ, அவை அத்தனையும் கழிந்துபோய், காளான் மட்டும் மிஞ்சும் இடம் அந்த அறை.

யார் தொடவே கூடாது?

* மனச்சிதைவு, பைபோலார் பாதிப்பு உங்களுக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ இருந்தால். உறங்கிக்கிடக்கும் பாதிப்பை இது தட்டி எழுப்பிவிடலாம்.

* லித்தியம் எடுப்பவர்கள். சைலோசைபினோடு சேர்ந்து வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு.

* எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு அயவாஸ்கா உயிருக்கே ஆபத்து. 'காளான் நல்லா வேலை செய்யணும்னா மாத்திரையை நிறுத்து' என்று நண்பர் சொன்னால் கேட்காதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மையோடு, பழைய பதற்றமும் வேகமாகத் திரும்பும்.

* இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சைலோசைபின், டி.எம்.டி இரண்டுமே 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை. சிறிய அளவு என்றால் ஓர் ஆண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வணிக அளவு என்றால் குறைந்தபட்சமே 10 ஆண்டு.

2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளானின் மொத்த எடையையும் போதைப்பொருளின் எடையாகக் கணக்கிட முடியாது என்று சொன்னது. அதை வைத்து 'காளான் லீகல் ஆயிடுச்சு' என்று சிலர் பரப்புகிறார்கள். தவறு. எடையை எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் அங்கே கேள்வி. சைலோசைபின் மீதான தடை அப்படியே இருக்கிறது. ஒரு எஃப்.ஐ.ஆர் வந்தால் பாஸ்போர்ட், விசா, வேலைக்கான பின்னணிச் சோதனை எல்லாமே சிக்கல்தான். பெருவிலிருந்து கஷாயப் பொடியை 'நினைவாக' எடுத்து வந்தாலும் இதே கதைதான்.

'இயற்கையானதுதானே?'

தாம்பரத்தைச் சுற்றியுள்ள காலி மனைகளில் ஊமத்தைச் செடியைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இயற்கைதான். விதையைத் தின்றால் புத்தி பேதலிக்கும், உயிரும் போகலாம். நம் சித்த மருத்துவம் ஊமத்தை, எட்டி போன்றவற்றை மருந்தாக்குவதற்கு முன் 'சுத்தி' செய்யச் சொல்கிறது. அளவும் துணை மருந்தும் பத்தியமும் வைத்திருக்கிறது. மரபு என்றாலே இந்தக் கட்டுப்பாடுகளும் சேர்ந்ததுதான். சித்த வைத்தியத்தில்தான் உங்களுக்கு நம்பிக்கை என்றால் தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே போங்கள். ஏற்கெனவே எடுக்கும் ஆங்கில மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்போ பதற்றத்துக்கு என்னதான் செய்வது?

முதலில் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே தூக்கமின்மைதான் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை காபி என்றும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண் இது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-லும் ஆலோசனை கிடைக்கும். நேரில் போக நினைத்தால், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் புறநோயாளியாகப் பார்க்கலாம். 'அங்கே போனால் என்ன நினைப்பார்கள்' என்ற கூச்சம்தான் பலரைக் கொடைக்கானல் காளான்வரை கொண்டுபோகிறது.

சி.பி.டி என்ற பேச்சு சிகிச்சை பதற்றத்துக்குப் பலன் தருவதாகப் பல ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாரம் ஒரு முறை என்று சில மாதங்கள் போக வேண்டும். மாத்திரை என்றால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். பலர் இரண்டாவது வாரத்திலேயே 'வேலைக்கு ஆகல' என்று நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். மனநலச் சட்டம் 2017-ன்படி, உடல் நோய்க்கு இணையாக மன நோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும். உங்கள் பாலிசியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

நண்பர் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டால்?

தனியாக விடாதீர்கள். வெளியே, பைக் அருகே, பள்ளத்தின் அருகே போகவிடாதீர்கள். வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து, "காளான் சாப்பிட்டிருக்க, அதான் இப்படி இருக்கு. கொஞ்ச நேரத்துல சரியாயிடும், நான் கூடவே இருக்கேன்" என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மதுவோ வேறு மாத்திரையோ கொடுக்காதீர்கள். வலிப்பு, கடும் காய்ச்சல், மயக்கம், நெஞ்சுவலி, தொடர் வாந்தி, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் முயற்சி இவற்றில் எது வந்தாலும் உடனே 108. என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். போலீஸுக்குப் பயந்து மறைக்கும் ஒரு மணி நேரம் உயிரின் விலையாகிவிடலாம்.

கொடைக்கானல் டிக்கெட்டை கேன்சல் செய்யச் சொல்லவில்லை. போய் வாருங்கள். ஏரியைச் சுற்றி நடங்கள், பனியில் நின்று டீ குடியுங்கள், இரண்டு நாள் போனை அணைத்து வைத்துவிட்டு நன்றாகத் தூங்குங்கள். ஆனால் கிளம்பும் முன், தாம்பரம் பிளாட்ஃபார்மில் ரயிலுக்குக் காத்திருக்கும் அந்த இருபது நிமிடத்தில் 14416-க்கு ஒரு போன் போடுங்கள். திங்கட்கிழமைக்கு அதுதான் கைகொடுக்கும்.