நினைவிழந்த நூலகர்

ஒரு நூலகத்தில் நூல்கள் யாவும் அலமாரிகளில் பத்திரமாக இருக்கின்றன. எந்த நூல் எங்குள்ளது என்பதை அறிந்த நூலகர் மட்டும் நினைவிழந்துவிட்டார் எனக் கொள்வோம். நூல்கள் இருந்தும் இல்லாதனவே ஆகும். எஸ்.எஸ்.டி. எனப்படும் கணினிச் சேமிப்பகம் செயலிழக்கும்போது பல வேளைகளில் நிகழ்வது இதுவே.

இதன் வரலாறு ஜப்பானில் தொடங்குகிறது. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா, மின்சாரம் நின்ற பின்னும் செய்தியைக் காக்கும் ஃபிளாஷ் நினைவகத்தை 1984ஆம் ஆண்டில் உலகறியச் செய்தார். அந்நினைவகத்தைக் கொண்டே எஸ்.எஸ்.டி. உருவாயிற்று. அதில் சுழலும் தட்டு இல்லை. அசையும் உறுப்பு எதுவும் இல்லை. எனவே பழுதுக்கும் இடமில்லை என்று எண்ணத் தோன்றும்.

ஆயினும், அதனுள் கட்டுப்படுத்தி என்னும் சில்லு ஒன்று உண்டு. எச்செய்தி எவ்விடத்தில் உள்ளது என்னும் அட்டவணையைப் பேணுவது அதுவே. நாம் மேலே கண்ட நூலகர் இச்சில்லேயாகும். அதனை இயக்கும் கட்டளைத் தொகுதியை ஃபர்ம்வேர் என்பர். அக்கட்டளையில் பிழை நேரின், பழுதற்ற நினைவகமும் ஊமையாகிவிடும். மூன்று நிகழ்ச்சிகள் இதனை மெய்ப்பிக்கும்.

2011ஆம் ஆண்டில், இன்டெல் 320 வகைச் சேமிப்பகங்கள் சில, மின்சாரம் திடீரெனத் தடைபட்ட பின்னர், தம் கொள்ளளவு 8 மெகாபைட் மட்டுமே என அறிவித்தன. அனைத்தையும் அழித்தால் அவை மீண்டும் உழைத்தன. உள்ளிருந்த செய்திகளோ மீளவில்லை. புதிய ஃபர்ம்வேர் பின்னரே வந்தது.

குரூஷியல் எம்4 வகையில், இயங்கிய நேரத்தைக் கணக்கிடுவதில் பிழை இருந்தது. 5,184 மணி நேரம் உழைத்ததும் அது உறைந்து நின்றது. நிறுத்தி மீண்டும் இயக்கினால் ஒரு மணி நேரம் உழைத்து மறுபடியும் நின்றது. அந்த ஒரு மணி நேரமே போதுமானதாயிற்று. 2012 ஜனவரியில் வெளிவந்த புதிய ஃபர்ம்வேரை அதற்குள் எழுதியதும் சேமிப்பகம் உயிர்பெற்றது, செய்திகளும் தப்பின.

2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம் கடுமையான எச்சரிக்கை ஒன்றை விடுத்தது. அந்நிறுவனம் விற்ற சிலவகைச் சேமிப்பகங்கள் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம், உழைத்ததும் அடியோடு செயலிழக்கும். அதன்பின் செய்தியும் மீளாது, சேமிப்பகமும் மீளாது என்றது. ஒரே நாளில் பொருத்தப்பட்டவை ஏறத்தாழ ஒரே வேளையில் வீழக்கூடும். ஒன்றுக்குத் துணையாக அருகில் வைத்த மற்றொன்றும் உடன் வீழுமெனில், அத்துணையால் யாது பயன்?

மூன்றிலும் மருந்து ஒன்றே. கொடுத்த காலமும் நோயின் தன்மையுமே வேறு. கட்டுப்படுத்தி கட்டளைக்குச் செவிசாய்க்கும் வரையில்தான் ஃபர்ம்வேரை மாற்றி எழுத இயலும். அட்டவணை எஞ்சியிருந்தால்தான் செய்தி மீளும்.

ஆகவே, பேணத்தக்க ஆவணங்களை ஒரே நூலகரிடம் ஒப்படைத்துவிட்டு வாளாவிருத்தல் தகாது. வேறு வகையான சேமிப்பகம் ஒன்றில் படியெடுத்து வைப்போம். அவர் நலமாக இருக்கும்போதே அதனைச் செய்வோம்.