வரிசைப்படுத்திய அணியில் இணைசேர்த்து நீக்கல்

ஏறுவரிசையில் அடுக்கிய எண்களின் அணியிலிருந்து, ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து நீக்கி, மிச்சத்தை இயன்றவரை குறைக்கும் கணினியியல் கணக்கு இது. நிரலாக்கப் போட்டிகளில் அடிக்கடி வரும். பலரும் அறிந்த வடிவம் லீட்கோடு தளத்தின் 2856ஆம் கணக்கு: சமமில்லாத இரு எண்களை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்து நீக்கலாம், கடைசியில் குறைந்தது எத்தனை எண்கள் மிஞ்சும்?

இதற்குப் பேராசை வழிமுறையே போதும். ஒவ்வொரு படியிலும் கைக்கெட்டியதில் நல்லதை எடுத்துக்கொண்டு, எடுத்ததை மறுபரிசீலனை செய்யாமல் நகர்வது அதன் இயல்பு. ஆனால் எது நல்லது என்பதில்தான் சறுக்கல். அடுத்தடுத்த எண்களைச் சேர்க்கலாம் என்று முதலில் தோன்றும். 1, 2, 3, 3 என்ற அணியில் 1ஐயும் 2ஐயும் நீக்கினால் இரண்டு 3கள் துணையின்றி நின்றுவிடும். 1–3, 2–3 என்று சேர்த்திருந்தால் எதுவும் மிஞ்சாது. மிகச் சிறியதை மிகப் பெரியதோடு சேர்ப்பதும் உதவாது: 1, 2, 2, 3 என்ற அணியில் இரு முனைகளும் போனபின் 2, 2 தங்கும்.

அணியை நடுவே பிளப்பதுதான் வழி. கீழ்ப்பாதியின் முதல் எண்ணை மேற்பாதியின் முதல் எண்ணோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒற்றைப்படை அணியானால் நடு எண்ணை விட்டுவிடலாம். வரிசைப்படுத்தியதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது. சம எண்கள் ஒரே கொத்தாக நிற்கும். இணையும் எண்களுக்கு இடையிலுள்ள தூரமோ அணியின் பாதி. எந்தக் கொத்தும் பாதி நீளத்தைத் தாண்டாதவரை ஓர் இணைக்குள் இரு சம எண்கள் அகப்பட வழியில்லை. இரட்டைப்படை அணி முழுக்கக் காலியாகும்; ஒற்றைப்படையில் ஒன்று மிஞ்சும்.

ஒரே எண் பாதிக்கு மேல் இருந்தால் கதை வேறு. ஒவ்வொரு நீக்கத்திலும் அந்த எண்ணின் ஒரு பிரதிதான் போக முடியும். மற்ற எண்கள் தீர்ந்ததும் ஆட்டம் நின்றுவிடும். மிச்சம் = அதன் நிகழ்வெண்ணின் இருமடங்கு − மொத்த எண்ணிக்கை. 7 எண்களில் ஒன்று 5 முறை வந்தால் 3 மிஞ்சும். எந்த உத்தியும் இதைக் குறைக்காது. ஆக, விடை முகட்டின், அதாவது அதிக முறை வரும் எண்ணின், நிகழ்வெண்ணையும் மொத்த எண்ணிக்கையையும் மட்டுமே சார்ந்தது. எண்களின் மதிப்பு பொருட்டே இல்லை.

பாதிக்கு மேல் இருக்கும் எண், வரிசைப்படுத்திய அணியின் நடு இடத்தில் கட்டாயம் நிற்கும். அதன் தொடக்கத்தையும் முடிவையும் இருமத் தேடலில் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. 10 லட்சம் எண்களுக்கும் முனைக்குச் சுமார் 20 ஒப்பீடுகள்தாம். நிகழ்வெண்களை ஹீப் அமைப்பில் போட்டு, பெரிய இரண்டையும் திரும்பத் திரும்ப எடுக்கும் தீர்வும் சரியானதே. ஆனால் வீண் சுமை.

பொதுவாகப் பார்த்தால் இது ஒரு கோட்டுருவில் மிகப்பெரிய இணைப்பைத் தேடும் கணக்கு. எந்தக் கோட்டுருவுக்கும் பொருந்தும் தீர்வை ஜாக் எட்மண்ட்ஸ் 1965இல் வெளியிட்டார். அதை நிரலாக எழுதுவது எளிதல்ல. எண்கள் வரிசையில் இருப்பதால் இங்கே அதன் தேவை எழவில்லை.

நிபந்தனை மாறினாலும் நடுவே பிளக்கும் உத்தி கைகொடுக்கும். கோட்ஃபோர்சஸ் தளத்தின் கங்காரு கணக்கில், தன்னைவிடக் குறைந்தது இருமடங்கு பெரிய கங்காருவின் பைக்குள்தான் மற்றொன்று ஏறலாம். ஒரு கங்காருவுக்கு ஒன்றுதான் இடம். உள்ளே போனது வேறொன்றைச் சுமக்க முடியாது. ஆகவே ஏறுபவை கீழ்ப்பாதியில், சுமப்பவை மேற்பாதியில் என்று கொள்ளலாம். இரு சுட்டிகள் இரண்டு பாதிகளின் தொடக்கத்திலிருந்தும் நகரும். நிபந்தனை பொருந்தாத இடத்தில் மேல் சுட்டி மட்டும் முன்னேறும். 2, 3, 4, 9 அணியில் 2–4, 3–9 என இரு இணைகள் அமையும். மாறாக 2ஐ 9க்குக் கொடுத்தால் ஒரே இணையோடு சரி.

அணி வரிசையில் இல்லாதபோது, ராபர்ட் பாயரும் ஜே ஸ்ட்ராதர் மூரும் 1981இல் முன்வைத்த பெரும்பான்மை வாக்கு முறை இதே நீக்கத்தைச் செய்கிறது. ஒரு வேட்பாளர், ஓர் எண்ணி, அவ்வளவுதான் நினைவகம்: அதே எண் வந்தால் எண்ணி ஏறும், வேறு எண் வந்தால் இறங்கும், பூச்சியமானால் வேட்பாளர் மாறும். மிஞ்சும் வேட்பாளர் உண்மையிலேயே பாதியைத் தாண்டியதா என்று இரண்டாம் முறை எண்ணிப் பார்த்தாக வேண்டும். 1, 1, 2, 2, 3 என்ற அணியில் இறுதியில் நிற்பது ஒரே முறை வந்த 3. ஜெயதேவ் மிஸ்ராவும் டேவிட் கிரீஸும் 1982இல் இதை விரிவாக்கி, இணைகளுக்குப் பதிலாகப் பல வெவ்வேறு எண்களை ஒருசேர நீக்கினார்கள்.