கோப்பு அனுமதி

கணினியிலுள்ள ஒரு கோப்பையோ கோப்புறையையோ யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் இயக்கலாம் என்று வரையறுக்கும் ஏற்பாடு. துளை அட்டைக் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினிக்குக் கொடுத்துவந்த காலத்தில் இதற்கு வேலையில்லை.

ஒரே கணினியைப் பலர் பகிரத் தொடங்கியதும் சிக்கல் எழுந்தது. எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கொர்பாட்டோ குழுவினர் 1961இல் இயக்கிக்காட்டிய சி.டி.எஸ்.எஸ். அமைப்பே கடவுச்சொல்லை முதலில் கையாண்டது என்பர். ஐபிஎம்மின் சேபர் விமான முன்பதிவு அமைப்பு முந்தியிருக்கலாம் என்போரும் உண்டு. சி.டி.எஸ்.எஸ்.ஸில் நடந்த ஒரு குளறுபடி மறக்கத்தக்கதன்று. அதன் திருத்துநிரல் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரையே இட்டது. நிர்வாகிகளில் ஒருவர் கடவுச்சொல் கோப்பையும் மற்றவர் அன்றைய அறிவிப்பையும் ஒரே சமயத்தில் திருத்த, இரண்டும் இடம் மாறிவிட்டன. உள்நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. கொர்பாட்டோவே தம் டூரிங் விருது உரையில் இதைச் சொல்லியிருக்கிறார்.

அடுத்து வந்த மல்டிக்ஸ், ஒவ்வொரு கோப்புக்கும் பெயர்வாரியான உரிமைப் பட்டியலைத் திட்டமிட்டது. மல்டிக்ஸ் பணியிலிருந்து விலகிய பெல் ஆய்வகத்தின் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தில் அப்பட்டியலைச் சில பிட்டுகளாகச் சுருக்கினர். 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டில் அனுமதியை மாற்றும் ‘சிஎச்மாட்’ கட்டளை இருக்கிறது. அதில் உரிமையாளர், மற்றவர் என இரு தரப்பே. ‘குழு’ பின்னர் சேர்ந்தது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. ஒவ்வொரு தரப்புக்கும் இவற்றைக் கூட்டி வரிசையாக எழுதினால் 755, 644 போன்ற எண்கள் கிடைக்கும். 755 என்றால் உரிமையாளருக்கு மூன்றும், குழுவுக்கும் மற்றவர்க்கும் படிக்கவும் இயக்கவும் மட்டும் அனுமதி.

கோப்புறைக்கு வரும்போது ‘படி’ என்பது உள்ளிருப்பவற்றின் பெயர்களைக் காணும் உரிமை. ‘இயக்கு’ என்பது உள்ளே புகும் உரிமை. இதற்கு ஓர் ஒப்புமை: வடலூர் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று திரை விலகுகையில் எவரும் வெளியே நின்று ஜோதியைக் காணலாம். உள்ளே செல்லக் கொலை, புலை தவிர்த்தவராக இருக்க வேண்டும். அவ்வூரார்க்கு இந்த வேறுபாட்டை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ‘எழுது’ உரிமைதான் பலரை ஏமாற்றும்: கோப்புறையில் அது இருந்தால் (புகும் உரிமையும் சேர்ந்திருக்க) பிறர் கோப்பையும் அழித்துவிடலாம். அதைத் தடுக்கத் தனியாக ஒரு பிட் உண்டு.

உரிமையாளரே தம் எல்லா அனுமதிகளையும் நீக்கி 000 ஆக்கிக்கொண்டால் கோப்பைப் படிக்க இயலாது. எனினும் அனுமதியை மீட்கும் அதிகாரம் அவரிடமே இருக்கும். இந்த நுணுக்கத்தைப் பல கையேடுகள் சொல்லாமல் விடுகின்றன.

கடவுச்சொல் கோப்பில் எழுத உரிமையில்லாத பயனர் தம் கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி? நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடவிடும் பிட்டை ரிட்சி கண்டார். 1973இல் விண்ணப்பித்த காப்புரிமை 1979இல் கிடைத்தது.

விண்டோஸ் என்.டி. (1993) மல்டிக்ஸைப் போன்ற பட்டியல் முறைக்கே திரும்பியது. அதில் மேல் கோப்புறையின் அனுமதி உள்ளிருப்பவற்றுக்கும் இறங்கும்.

தமிழ்நாட்டில், யூனிக்ஸ் வகை அனுமதிகளைக் கொண்டதும் சென்னை சி-டாக் உருவாக்கியதுமான பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் கருவிகளில் விண்டோஸுடன் இடம்பெற்றது. 2012 முதல் கணியம் இதழ் லினக்ஸ் கட்டளைகளைத் தமிழில் விளக்கி வருகிறது. ஏதேனும் ஒரு கோப்பைத் திறக்க முடியாதபோது 777 என்று போட்டுவிடும் வழக்கம், அதாவது எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுப்பது, இங்கும் பரவலாக உண்டு. வலைவழங்கிகளில் இது ஆபத்தானது.

அனுமதி என்ற இதே கருத்து கைபேசிச் செயலிகளுக்கும் நீண்டது: ஆண்ட்ராய்டு 6.0 (2015) முதல் செயலிகள் தேவைப்படும்போது பயனரிடமே அனுமதி கேட்கின்றன.