மணலில் மூன்று சுழி

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கித் தெற்கே செல்லும் கரையோரப் பாதையில், அளம்பிலையும் செம்மலையையும் கடந்து சென்றால், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் நெருங்கி வந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு மாத்திரம் எஞ்சி நிற்கும் இடத்தில் நாயாறு இருக்கிறது. மாரிவெள்ளம் பெருகும்போது அத்திட்டு உடைந்து களப்பு கடலோடு கலக்கும். கோடையில் மணல் மீண்டும் மூடும். அவ்வாறு திறந்து மூடும் வாயைத் தொடுவாய் என்பது இப்பிரதேச வழக்கு. அயலூரான கொக்குத்தொடுவாயின் பெயரிலும் அச்சொல் நிலைபெற்றிருக்கிறது. வெண்மணலும், தெற்கே புல்மோட்டையில் இல்மனைற் என்று அகழ்ந்தெடுக்கப்படுகின்ற கருமணலின் கீற்றுகளும் விரவிக்கிடக்கும் இந்தக் கரையில் நின்று, தமிழ்ப் பிள்ளை எழுத்துப் பயின்ற சரித்திரத்தை நினைப்பது எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. அப்பயிற்சியின் ஆரம்பமெல்லாம் மணலிலேதான் நிகழ்ந்தது.

பிள்ளைக்கு முதலெழுத்து எழுதுவிக்கும் சடங்கை எங்கள் வீடுகளில் ஏடு தொடக்குதல் என்பர். வித்தியாரம்பம் என்பது சாஸ்திர நாமம். விசயதசமியன்றோ தைப்பூசத்தன்றோ, நிறைகுடத்துக்கும் குத்துவிளக்குக்கும் முன்னே, தாம்பாளத்திலோ சுளகிலோ பச்சையரிசியைப் பரப்பி, ஐயரோ சட்டம்பியாரோ, அவர்கள் கிட்டாத இடத்தில் வீட்டு மூத்தவரோ, பிள்ளையை மடியில் இருத்தி, அதன் வலக்கைச் சுட்டுவிரலைத் தம் விரல்களுக்குள் அடக்கிக்கொண்டு, 'அ' என்று சொல்லிச் சொல்லி எழுதுவிப்பர். அரிசி விரலுக்கு இடங்கொடுத்து விலகுகிறது. விலகிய தடத்தில் தட்டின் அடி தெரிகிறது. உமி நீங்காத நெல்லொன்று தப்பிக் கிடந்தால் அது விரலில் உறுத்துகிறது. அந்த உறுத்தலோடு சேர்ந்தே 'அ' என்னும் ஒலி காதில் விழுகிறது. பிள்ளை அழாமல் எழுதியதா என்பதிலே வீட்டார் கவனம் இருக்குமேயன்றி, ஒலியையும் உருவையும் ஸ்பரிசத்தையும் ஒரே கணத்தில் பிணைத்துவிடும் இச்சடங்கின் நுட்பத்தை எவரும் எடுத்துரைப்பதில்லை.

சடங்கு ஒருநாளோடு முடியும். அப்பியாசம் மணலில் தொடரும். திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே தரையில் மெல்லிதாக மணலைப் பரப்பி, சட்டம்பியார் ஓரெழுத்தை வரைந்து காட்ட, பிள்ளை அத்தடத்தின் மேலேயே விரலை ஓட்டி, உரத்த குரலில் அவ்வெழுத்தைச் சொல்லும். விரலும் நாவும் அதனைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மணலைத் தடவி அழித்து அடுத்த எழுத்துக்குப் போவார்கள். இதற்கு வலுவான காரணம் இருந்தது. பனையோலையில் எழுத்தாணி கொண்டு கீறுவது இளங்கைக்கு ஏற்ற காரியமன்று. இரும்புமுனை சற்றே அழுந்தினால் ஓலை கிழியும். தவறிப்போன கீற்றை அழிக்கவும் இயலாது. மணலோ எத்தனை பிழையையும் பொறுக்கும். அன்றியும், ஓலையிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் இன்று நாம் பிரித்தெழுதும் முறையோ பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரால் வந்தது. ஆகவே ஏட்டைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் ஒலி கிடைத்துவிடாது. ஒலியை முன்னரே உடம்பில் வாங்கி வைத்திருந்தவனுக்கே ஏடு வாய்திறந்தது.

இம்முறையைக் கண்டு வியந்து எழுதிவைத்தவர்கள் தூரதேசத்தவர். 1623ஆம் ஆண்டில் கன்னட தேசத்தில் பிரயாணம் செய்த பியெத்ரோ தெல்லா வாலே என்னும் இத்தாலியர், சிறுவர் நால்வர் தங்கள் பாடத்தை மறவாதிருக்கும் பொருட்டு, இராகமிட்டுச் சொல்லிக்கொண்டே, நுண்மணல் தூவிய தரையில் விரலால் எழுதிக் கணக்குப் பயின்றதை வருணித்திருக்கிறார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், படைவீரர்களின் பிள்ளைகளுக்கென்று சென்னையில் ஏற்படுத்தப்பட்ட ஆண் அநாதைச் சாலையின் பொறுப்பை 1789இல் ஏற்ற அண்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்துலாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் சாலையிலும் அதனைப் புகுத்த விரும்பினார். உபாத்தியாயர் அதற்கு இணங்காமற் போகவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர் ஆகாதென்றதை அச்சிறுவன் செய்துகாட்டினான். 1797இல் இலண்டனில் அச்சான பெல்லின் அறிக்கையை அடுத்து 'சென்னை முறை' என்னும் பெயருடனே அது இங்கிலாந்தில் பரவ, யோசேப் லங்காஸ்ரரின் பள்ளிகளிலும் ஏழைப் பிள்ளைகள் மணல் பரப்பிய பலகையில் விரலால் எழுதினார்கள். ஆனால் கல்விச் சரித்திரம் எழுதினோர், மூத்த மாணாக்கன் இளையவனுக்குப் பாடஞ்சொல்லும் அம்சத்தையே பெரிதாகப் பேசி, மணலைச் செலவு குறைக்கும் உபாயமென்ற அளவில் நிறுத்திவிட்டனர். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. கற்பலகையும் காசில்லாமல் கிடைத்திருந்தால்கூட, மூன்று வயதுப் பிள்ளைக்கு மணலே சிறந்தது என்பேன். பலகையில் எழுதும் பிள்ளை எழுதுகோலைத் தொடுகிறது, மணலில் எழுதும் பிள்ளை எழுத்தையே தொடுகிறது.

ஈழத்தில் 1816இல் அமெரிக்க மிஷனார் வந்து பள்ளிகளைத் திறந்ததும், 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிப் பாலபாடங்களை அச்சிட்டதும் நம் கல்விக்கு மாபெரும் உபகாரங்கள். அச்சுப் புத்தகம் பரவப் பரவ, எழுத்து விரலை விட்டுக் கண்ணுக்கு இடம்பெயர்ந்தது. அதனை மறுபடி விரலுக்குக் கொண்டுவந்தவர் மரியா மொண்டிசோரி அம்மையார். 1907இல் ரோமாபுரியில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், சொரசொரப்பான தாளில் வெட்டிப் பலகையில் ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவி, எழுத்தின் பெயரையன்றி அதன் ஒலியையே உச்சரித்தார்கள். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அம்மையார், யுத்தம் காரணமாக நெடுநாள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் போதித்தார். மணலில் விரலால் எழுதிப் பழகிய ஒரு தேசத்துக்கே அவரது எழுத்துப்பலகை புதுமையாக வந்துசேர்ந்ததை எண்ணும்போது மனம் கனக்கிறது.

நாயாற்றுக்கு வந்த துன்பங்கள் வேறு. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு முதலிய ஊர்களின் தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, கால்நூற்றாண்டு காலம் வேற்றூர்களிலே வாழ்ந்தன. 2004இல் கடல் பொங்கி இக்கரையோரத்தை வாரிச் சுருட்டியது. 2009இல் யுத்தம் வன்னி முழுவதையும் பெயர்த்தெறிந்தது. இடம்பெயர்ந்த பள்ளிகள் மரநிழல்களில் நடந்தன. கொப்பியும் புத்தகமும் ஓடிய பாதைகளில் விழுந்துவிட்டபோதும், தறப்பாள் கொட்டிலின் வாசலில் மண் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஓர் அம்மம்மாவோ அக்காவோ இருந்தாள். இல்லாமையைப் போற்றுவதன்று என் கருத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் புத்தகம் வேண்டும். ஆயினும் அந்த நாட்களிலும் பிள்ளைகள் எழுத்தறியாமற் போகவில்லை என்பதற்கு இப்பழைய வழக்கமும் ஒரு காரணமென்று நம்புகிறேன்.

நம் எழுத்துறுப்புகளுக்கு இங்கே வழங்கும் பெயர்களைக் கவனித்தால் விரலின் ஆட்சி விளங்கும். கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு, விசிறி, அரவு என்பவை எல்லாம் பிள்ளை தொட்டறிந்தவை, அல்லது தொடாதே என்று தடுக்கப்பட்டவை. ளகரத்தையும் ழகரத்தையும் எங்கள் பேச்சு பெரும்பாலும் பிரிப்பதில்லை. நகரமும் னகரமும் காதுக்கு ஒன்றே. காது கைவிடும் இடத்தில் விரலே பேதம் காட்டவேண்டியிருக்கிறது. காதும் துணைநிற்கும் இடத்திலோ இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன: னகரத்துக்கு இரண்டு சுழி, ணகரத்துக்கு மூன்று. நாநுனி அண்ணத்தைப் பொருந்த ணகரம் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்ததை, சுழியை எண்ணிக்கொண்டே நாவை மடக்கும் சிறுபிள்ளை தன் வாய்க்குள்ளேயே அறிகிறது.

மீன்பிடிகாலத்து மாலையொன்றில், வாடிகளுக்குப் பின்னாலுள்ள ஈரமணலில் ஓர் அம்மம்மா குந்தியிருந்து பெரிய ணகரம் ஒன்றைக் கீறி, அதன் தடம் நெடுக மட்டிச் சிப்பிகளைப் பதித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். நான்கு வயதிருக்கும் பேத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிப்பிகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தடவி வந்தாள். தொடுவாய்ப் பக்கம் சுழி இருக்கிறது, கிட்டப் போகாதே என்று பெரியவர்கள் அதட்டுவதை நாள்தோறும் கேட்கும் பிள்ளை அவள்.

"எத்தினை சுழி, மோனை?"

விரல் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய், மறுபடி சுற்றி வந்தது. "மூண்டு."

"அப்ப, இரண்டு சுழியோ, மணலுக்கு வாறதோ?"

பேத்தி உடனே விடை சொல்லவில்லை. வாயைச் சற்றே திறந்து, நாவை மேலே மடக்கி, "ம… ண… ண்" என்று இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "மணலுக்கு வாறது" என்றாள், கண்ணைத் திறவாமலே.